கப்பல் ஏறாத பிள்ளை

கதவைத் திறந்த கலாவதி, வாசலில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி கையில் ஒரு குழந்தையை வைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். பூப்போட்ட போர்வையில் தலையும் காலும் தெரியாமல் சுற்றி, மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெட்டி. அவளை இறக்கிவிட்ட டாக்சி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஹெய்ன்ரிச் ஃபிரீசன் இருக்கிறாரா?"

அப்படி யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், தபால்களில் அந்தப் பின்பெயரைப் பார்த்த ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்காரரின் பெயர் அது.

"ஹென்றியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இங்கே அவனுக்கு அப்படியா பெயர்?" என்றாள் கிழவி. "நான் அவன் தங்கை கத்தரீனா. கனடாவிலிருந்து வருகிறேன்."

1989ஆம் ஆண்டு ஆடி மாதம். லண்டனின் எட்மண்டன் பகுதியில் இருந்த அந்த வீட்டின் மேல்மாடியில் கலாவதி மூன்று வருடங்களாகக் குடியிருந்தாள். கணவன் யோகராஜா பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்த்தான். மகன் நிமலனுக்கு ஐந்து வயது. கீழே ஹென்றி தனியாக இருந்தார். தச்சுவேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி டோரிஸ் இறந்தபிறகு மாடியை வாடகைக்கு விட்டிருந்தார். சமைக்கிற குசினி இரண்டு பகுதிக்கும் பொது. பின்வளவில் தக்காளி போட்டு, காய்த்தால் ஒரு கிண்ணத்தில் மேசையில் வைப்பார். கதை குறைவு. தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

குசினி அலுமாரிக் கதவில் கலாவதி ஒரு படம் ஒட்டியிருந்தாள். ஊரில் விட்டுவந்த மகள் கௌசி, பள்ளிக்கூடச் சீருடையில். அதை ஒட்டிய அன்று ஹென்றி, "இது யார்?" என்று கேட்டார்.

"என் மகள்."

"எங்கே இருக்கிறாள்?"

"யாழ்ப்பாணத்தில். என் கணவரின் அக்காவோடு."

 அன்றிலிருந்து அவர் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று கலாவதி யோசித்துப் பார்த்துவிட்டு, கிழடுகளுக்கு ஆயிரம் பழக்கம் என்று விட்டுவிட்டாள்.

பின்வளவிலிருந்து வந்த ஹென்றி, குசினியில் நின்ற தங்கையைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றார். கத்தரீனா ஏதோ ஒரு மொழியில் மளமளவென்று பேசினாள். ஜெர்மன் மாதிரி இருந்தது. 

"எனக்கு அது மறந்துவிட்டது" என்றார் ஆங்கிலத்தில்.

"ஒரு சொல்லும் ஞாபகம் இல்லையா, ஹெய்ன்?"

"பத்து வரைக்கும் எண்ணுவேன். நான் உன்னை வரச் சொல்லவில்லையே?"

"எத்தனை கடிதம் போட்டேன். எல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்தன. இரண்டு அண்ணன்மாரும் கடைசித் தம்பியும் செத்துப்போனார்கள். இனி இருப்பது நீயும் நானும்தான்."

அவள் போர்வையை மேசையில் வைத்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு பழைய சுவர் மணிக்கூடு. இரும்புத் தகட்டு முகத்தில் ரோசாப்பூக்கள் தீட்டப்பட்டிருந்தன. கண்ணாடியோ மரக்கூடோ இல்லை. பித்தளைக் குண்டுகள் இரண்டும் நீளமான ஊசற்கோலும் தனித்தனியே துணியில் முடியப்பட்டிருந்தன.

"இது தாத்தாவுடையது. உக்ரைனிலிருந்து அப்பா இறகு மெத்தைக்குள் வைத்துக் கொண்டுவந்தது. வீட்டில் மூத்த ஆண்பிள்ளைக்குப் போகவேண்டியது. இப்போது நீதான் மூத்தவன்."

ஹென்றி மணிக்கூட்டைத் தொடவில்லை. நிறைய நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை ஏற்றிக்கொண்டு போகக் கப்பலில் இடம் இருந்திருக்கிறது" என்றார். "திருப்பி எடுத்துக்கொண்டு போ."

வந்த வழியே பின்வளவுக்குப் போய்விட்டார்.

கத்தரீனா கதிரையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் கலாவதி கேத்திலைப் போட்டாள். வேலைக்குப் புறப்பட இறங்கி வந்த யோகராஜா, கலாவதியை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அது அவையின்ர குடும்ப விசயம். நாங்கள் வாடகைக்கு இருக்கிற ஆக்கள். நீர் ஒண்டுக்கும் தலையிடாதையும், சரியோ?"

"நான் தேத்தண்ணிதான் குடுக்கிறன். போயிட்டு வாங்கோ" என்றாள் கலாவதி.

தேநீரைக் குடித்தபடி கத்தரீனா தானாகவே சொல்லத் தொடங்கினாள். கலாவதியின் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்ததும் பெற்றோல் நிலையத்துக்குச் சோறு கொண்டுபோனபோது கேட்டதும்தான். ஆனாலும் கத்தரீனா மெதுவாகச் சொன்னாள். விளங்காத இடத்தில் நிறுத்திச் சொன்னாள்.

அவர்கள் மென்னொனைட் சனம். கிறிஸ்தவர்கள்தான், ஆனால் துவக்கோ வாளோ தொடமாட்டோம் என்று சத்தியம் பண்ணியவர்கள். அதனாலேயே ஒரு நாட்டிலும் நிலைக்காமல், ஒல்லாந்திலிருந்து பிரஷ்யாவுக்கும் அங்கிருந்து அப்போது ரஷ்யாவின் கையில் இருந்த உக்ரைனுக்கும் போய், கோதுமை விதைத்து ஊர் ஊராக வாழ்ந்தவர்கள். புரட்சிக்குப் பிறகு வந்த சண்டையில் எல்லாப் பக்கத்துக்காரர்களும் அவர்கள் ஊரில் புகுந்தார்கள். சித்தப்பாவை வீட்டு முற்றத்தில் வைத்துச் சுட்டார்கள். பிறகு பஞ்சம். கனடா எடுக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஊர்கள் அப்படியே கிளம்பின. பெண்கள் வாரக்கணக்காக ரொட்டி சுட்டு, அதைத் திரும்பவும் கணப்பில் வாட்டிக் காயவைத்து, மூட்டை மூட்டையாகக் கட்டினார்கள். ரயிலில் லாட்வியாவுக்கு, அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்துக்கு. சவுதாம்டனில் கப்பல் மாறவேண்டும். ஏறுமுன் எல்லோருக்கும் கண் பரிசோதனை.

"அந்தக் காலத்தில் எங்கள் சனத்துக்கு ஒரு கண்ணோய் இருந்தது" என்றாள் கத்தரீனா. "இமைக்குள்ளே மணல் மாதிரிக் கிளம்பும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். அது இருந்தால் கனடாவுக்குள் விடமாட்டார்கள். ஹெய்னுக்கு இருந்தது. ஏழு வயது. எனக்கு நாலு. எங்களில் ஐந்து பிள்ளைகள், கைக்குழந்தையும் சேர்த்து."

முகாமில் வைத்துப் பார்ப்போம், குணமானதும் அனுப்பிவைப்போம் என்றார்கள். கூட வந்த வேறு பிள்ளைகளும் அப்படி நிற்கிறார்கள், ஒரு பெரியம்மாவும் நிற்கிறாள், பயமில்லை என்றார்கள். மற்றவர்கள் ஏறாவிட்டால் அனுமதி போய்விடும். திரும்பிப் போக ரஷ்யாவில் வீடும் இல்லை.

"அம்மா என்ன செய்தாள் தெரியுமா?" கத்தரீனா கலாவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் கண் துடைக்கிற துவாயை எடுத்துத் தன் கண்ணில் தேய்த்தாள். கப்பல் புறப்படும்வரை ஒவ்வொரு நாளும் தேய்த்தாள். தனக்கும் வந்தால் தன்னையும் அவனோடு நிறுத்திவைப்பார்கள் என்று. அது உடனே தெரியாத நோய். டாக்டர் இமையைப் பிரட்டிப் பார்த்துவிட்டு, நீ சுகமாக இருக்கிறாய் என்று முத்திரை குத்திவிட்டார்."



"கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தபிறகு அம்மாவின் கண் பழுத்தது. தெரிந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்று அப்பா டாக்டரிடம் காட்டவில்லை. பிள்ளைகள் எல்லோரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். அவனைக் கூட்டிக்கொண்டு வர அம்மா இங்கிலாந்துக்கு வந்தால், திரும்பிப் போகும்போது கண்ணில் பிடித்துவிடுவார்கள். இரண்டாம் குளிர்காலத்தில் அப்பா மரம் விழுந்து செத்தார். அம்மாவுக்குப் பார்வை மங்கி மங்கி, பிறகு முழுக்கப் போய்விட்டது. அந்தத் துவாய் விசயத்தை எனக்கே அவள் சாகக் கிடக்கும்போதுதான் சொன்னாள்."

"இதை ஏன் அவருக்குச் சொல்லவில்லை?"

"எழுதினால் கடிதத்தைப் பிரிப்பதில்லை. நேரில் வந்தால், பார், போய்விட்டானே."

கலாவதி கைகளைக் கழுவிக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். தலையிடாதே என்று சொன்னது காதில் இருந்தது. ஆனாலும் போனாள்.

ஹென்றி கொட்டிலுக்கு முன்னால் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கலாவதி நின்றபடியே தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் துவாயின் கதையைச் சொன்னாள். தேய்த்துக் காட்டினாள். தாய்க்குக் கண் போனதைச் சொன்னாள்.  அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு வரியும் அவள் கையால் வந்ததில்லை" என்றார். "அப்பா எழுதினார். பிறகு அண்ணன் எழுதினான். அம்மா நலம், அம்மா நலம். அவ்வளவுதான்."

"கண் தெரியாமல் எப்படி எழுதுவார்?"

ஹென்றி கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு சொன்னார்:

"போகிற அன்று என்னிடம் அந்தக் காய்ந்த ரொட்டி ஒரு பை தந்தாள். இது முடிவதற்குள் வந்துவிடுவேன் என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவ்வளவையும் அன்றைக்கே தின்றுவிட்டேன். கெதியாக முடிந்தால் கெதியாக வருவாள் என்று. வயிறு வீங்கி, முகாமின் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பையைக் கவிழ்த்துக் காட்டினேன். முடிந்துவிட்டது, பாருங்கள், முடிந்துவிட்டது என்று."

கலாவதி அப்படியே புல்லில் குந்திவிட்டாள்.

"என் கண் குணமாக வருடக்கணக்காயிற்று. இங்கே பக்கத்தில், டோட்டனத்தில் ஒரு குடும்பம் என்னை வைத்துக்கொண்டது. பதினொரு வயதில் கனடாவிலிருந்து வா என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். எல்லோரும் எனக்கு இரக்கப்பட்டார்கள். ஆனால் மாட்டேன் என்றது நான்தான்." அவர் அவளை நேராகப் பார்த்தார். "நீ உன் மகளிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாய்?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. எப்போது விட்டுவந்தாய், ஏன் விட்டுவந்தாய், எப்போது கூப்பிடுவாய் என்றுதான் கேட்பார்கள்.

"பொய் சொன்னேன்" என்றாள். "நாளைக்கு வருவேன் என்று."

ஹென்றி தலையசைத்தார். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.  பிறகு அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கொட்டிலுக்குள் போய்ச் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

முன்னறைச் சுவரில் அவரும் தங்கையும் மணிக்கூட்டை மாட்டும் சத்தம் கேட்டது. கத்தரீனா தங்கள் மொழியில் எண்ணினாள். ஹென்றி கூடவே எண்ணினார். ஆறுக்குப் பிறகு தடுமாறி, திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.

கத்தரீனா ஒரு மாதம் நின்றுவிட்டுப் போனாள். அடுத்த வருடம் ஹென்றி கனடாவுக்குப் போய்வந்தார். தாயைப் புதைத்த இடம் எப்படி இருந்தது என்று கலாவதி கேட்டபோது, "காற்று அதிகம்" என்றார். பிறகு, "அம்மாவின் மேல்சட்டையைக் காட்டினார்கள். இவ்வளவு சின்ன மனுசியா அவள்? எனக்கு மிகவும் உயரமாக ஞாபகம்" என்றார்.

கௌசி 1991 பங்குனியில் வந்து சேர்ந்தாள். விசாவுக்கு நான்கு வருடம் பொறுக்கவேண்டும் என்றிருந்தது. நடுவில் இந்திய ஆமி வந்து போயிற்று, திரும்பச் சண்டை தொடங்கிப் பாதை பூட்டிற்று. கடைசியில் கனகாம்பிகை என்ற பள்ளிக்கூட ரீச்சர் கொழும்புவரை கூட்டிவந்து, தான் லண்டனுக்கு வந்த விமானத்திலேயே அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஹீத்ரோவில் கம்பிக்கு வெளியே நின்ற கலாவதி கையை அசைத்துக்கொண்டே இருந்தாள். இரட்டைப் பின்னலும் நீளச் சட்டையுமாக வந்த பதினொரு வயதுப் பிள்ளை ஓடிவரவில்லை. ரீச்சர் முதுகில் கைவைத்துத் தள்ள, பக்கத்தில் வந்து நின்றது. கலாவதி கட்டிப்பிடித்தபோது விறைத்துப்போய் நின்றது.

வீட்டில் அவள் ஒரு தொந்தரவும் தரவில்லை. அதுதான் கலாவதிக்குத் தாங்கவில்லை. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவினாள். நிமலன் தன் விளையாட்டுச் சாமான்களைக் காட்டினால் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள்.

"பசிக்குதோ, பிள்ளை?"

"இல்லை."

"குளிருதோ? இன்னொரு போர்வை தரட்டோ?"

"இல்லை."

அம்மா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. ஏதும் சொல்வதென்றால் முன்னால் வந்து நின்று சொன்னாள்.

"வளர்ந்த பிள்ளை. பழகட்டும். மங்கலம் அக்கா நல்லாத்தான் வளர்த்திருக்கிறா" என்றான் யோகராஜா. அவன் சொன்னது சரிதான். அதற்காகவே கலாவதி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஹென்றியும் கௌசியும் ஒருவரோடு ஒருவர் கதைத்ததாக அவளுக்குத் தெரியாது. இருவரும் பின்வளவில் ஆளுக்கொரு பக்கம் வேலை செய்வதை யன்னலால் கண்டிருக்கிறாள். அவர் செடி கட்டுவார். அவள் களை பிடுங்குவாள். மொழி இல்லாததாலோ என்னவோ, இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

1993 தை மாதம் ஹென்றி நெஞ்சுச் சளியில் படுத்து, ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். கத்தரீனா வந்தாள். பிரேதச் சாலையில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். கலாவதி குடும்பத்தோடு போயிருந்தாள். கத்தரீனா பெட்டியைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்கள் சங்கடப்படும் அளவுக்கு அழுதாள். திரும்பிப் போகும்போது மணிக்கூட்டைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். வீட்டை விற்கப் போகிறோம், அவசரமில்லை, வேறு இடம் பார்க்கும்வரை இருங்கள் என்று கலாவதியிடம் சொன்னாள்.

அவள் போன பிறகு வந்த சனிக்கிழமை பின்னேரம் கலாவதி குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். கௌசி வந்து மேசையருகே நின்றாள்.

"அந்த மனுசி ஏன் அவ்வளவு அழுதவா? அவா அவரோட ஒருநாளும் இருந்ததில்லையெண்டு தம்பி சொல்லுறான்."

கலாவதி அடுப்பை நிறுத்தினாள். சொல்லுவதா விடுவதா என்று ஒரு கணம் தடுமாறினாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு, கப்பலில் இருந்து தொடங்கி, கண்ணோயையும் துவாயையும் ரொட்டிப் பையையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். கௌசி கதவு நிலையில் சாய்ந்தபடி கேட்டாள். 

"நானும் அண்டைக்கு முழிச்சுத்தான் கிடந்தனான்" என்றாள்.

"எண்டைக்கு?"

"நீங்கள் போன அண்டைக்கு. விடிய. நீங்கள் பெரிய பெட்டியில என்ர மஞ்சள் சட்டையை வைச்சனீங்கள். நானும் வாறன் எண்டு நினைச்சுச் சந்தோசமாக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான். திரும்பப் பாக்கேக்க அதை எடுத்து வெளியில வைச்சிட்டியள்."

 கௌசி ஒரு கண்ணீரும் விடவில்லை.

"ஏன் எடுத்தனீங்கள்?"

"எங்களை அனுப்பின ஏஜென்சிக்காரன் சொன்னவன். பெட்டியைச் சோதிச்சால், ஆம்பிளைப் பிள்ளையோட வாறனீ, ஏன் பொம்பிளைப் பிள்ளையின்ர சட்டை எண்டு கேப்பினமாம். பாஸ்போட்டில ஒரு பிள்ளைதான்."

"ஏன் தம்பியை மட்டும் கொண்டு போனனீங்கள்?"

யோகராஜா சொல்லித்தந்த பதில்கள் எத்தனையோ இருந்தன. நாட்டு நிலைமை, நேரம் இல்லை, வேறு வழி இல்லை. அவை ஒன்றும் வாயில் வரவில்லை.

"அவன் பால் குடிக்கிற பிள்ளை. உன்னை மாமி பாத்துக்கொள்ளுவா, அவனைப் பாக்க அவவால ஏலாது எண்டு நினைச்சனான். அப்பா சொல்லேல்லை, ஏஜென்சிக்காரன் சொல்லேல்லை. நான்தான் முடிவெடுத்தனான். உன்னட்டைப் பொய் சொன்னதும் நான்தான். நீ அழுதால் என்னால வெளிக்கிட ஏலாது எண்டு பயந்துபோய்ச் சொன்னனான்."

 கோபமா, அலுப்பா என்று கௌசியின் முகத்தில் தெரியவில்லை. பிறகு படியேறி மேலே போய்விட்டாள். கலாவதி பின்னால் போகவில்லை. பாதி பொரிந்த கத்தரிக்காய் எண்ணெயில் ஆறிக் கிடந்தது.

திங்களும் செவ்வாயும் பிள்ளை வழக்கம் போலப் பள்ளிக்கூடம் போய் வந்தாள். கலாவதி தான் செய்தது பிழையோ என்று கணவனிடம் கேட்டாள். "கேட்ட பிள்ளைக்குச் சொல்லாமல் என்ன செய்யிறது?" என்றான் அவன். முன்னதாகவே லண்டனுக்கு வந்துவிட்டிருந்த அவனுக்கும் அந்த மஞ்சள் சட்டையைப் பற்றி அன்றுதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூடம் புறப்படும் நேரம், கௌசி படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சப்பாத்து கடிக்குது" என்றாள். "எனக்கு வேற வேணும்."

கலாவதி குனிந்து பார்த்தாள். குதிக்காலில் தோல் உரிந்து, காய்ந்து, திரும்பவும் உரிந்திருந்தது. பெருவிரல் நகம் கறுத்திருந்தது. எத்தனை மாதமாகப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள்!

"ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

கௌசி தோளைக் குலுக்கினாள்.

அன்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. இருவரும் எட்மண்டன் கிரீன் கடைத்தெருவுக்குப் போனார்கள். கடைக்காரப் பெண் காலை அளவு பார்த்து, இரண்டு அளவு பெரிதாக வேண்டும் என்றாள். கலாவதி பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற கறுப்புச் சோடி ஒன்றை எடுத்தாள். கௌசி அதை ஒதுக்கிவிட்டு, கண்ணாடித் தட்டில் இருந்த சிவப்புச் சோடியைக் காட்டினாள்.

"இது பள்ளிக்கூடத்துக்கு விடமாட்டினம்."

"எனக்கு இதுதான் வேணும்."

"சொல்லுறதைக் கேளும் பிள்ளை. கறுப்பு எடுப்பம்."

"கறுப்பு எனக்கு வேண்டாம்! நீங்கள் எப்பவும் உங்கட பாட்டுக்குத்தான் முடிவெடுப்பியள்!"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கௌசியின் முகம் சிவந்து, உதடு துடித்து, கண்ணால் தண்ணீர் வழிந்தது. இரண்டு வருடத்தில் அவள் அழுது கலாவதி கண்டதில்லை. கலாவதிக்கும் கோபம் வந்தது. "ஆக்கள் பாக்கினம், கத்தாதை!" என்று அவளும் சத்தம் போட்டாள். கௌசி சிவப்புச் சப்பாத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரமாட்டேன் என்று நின்றாள். கலாவதி அதைப் பறிக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை பிள்ளையின் பின்னலில் பட்டு, அங்கேயே நின்றது. கௌசி தலையை விலக்கவில்லை.